இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே எண்

அலைவாய் நகரில் யாரும் யாரையும் நம்புவதில்லை. இப்படிச் சொன்னதும் ஏதோ பொல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணம், சாவு என்றால் ஒன்றாக நின்று செய்து முடிக்கிற சனங்கள்தான். ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் அடுத்த வீட்டுக்குக் கிண்ணம் போகும். கிண்ணம் கொண்டு வந்தவள் போகிற போக்கில் எதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள் என்பதையும் கவனித்து வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டிய காலனி அது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இன்னும் இருபது வருஷம் கழித்து நடக்கிற கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வீட்டுச் சாமான் எல்லாம் பேசத் தொடங்கியிருக்கும். தண்ணீர்த் தொட்டி பேசும், அரிசி டப்பா பேசும், வாசல் விளக்கு பேசும். எல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கிற கம்ப்யூட்டரோடு நாள் முழுக்கச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படிப் பேசுவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும், நம் வீட்டுக் கதவு எண் மாதிரி. முதன்முதலில் அந்த எண்களை உண்டாக்கியவர்கள், உலகத்துக்கே நானூற்று முப்பது கோடி போதும் என்று நினைத்தார்கள். போதவில்லை. நம் காலத்திலேயே அது தீர்ந்துபோயிற்று, நாம்தான் கவனிக்கவில்லை. புது மாதிரி எண்கள் வந்தன. மாறியவர்கள் மாறிக்கொண்டார்கள். மாறாதவர்கள் இருந்த பழைய எண்ணைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அலைவாய் நகர் மாறவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே எண்.

மாறாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மொட்டைப் பெட்டிசன்.

கலெக்டர் ஆபீசுக்கு இணையம் வழியாகப் புகார் அனுப்பலாம். பேர் போட வேண்டியதில்லை, ஆனால் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று அங்கே தெரிந்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் அதற்குப் பயந்துகொண்டு சும்மா இருந்தார்கள். அலைவாய் நகருக்கு அந்தப் பயம் இல்லை. எவர் எழுதினாலும் ஒரே எண்தான் போய் விழும். ஆகவே எழுதினார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுகிறவர், சுவரை இரண்டடி தள்ளிக் கட்டியவர், சொந்தம் என்று சொல்லி ஆள் குடிவைத்தவர், யாரையும் விடவில்லை. மாதத்துக்கு நாற்பது புகார் போயிற்று. அதிகாரி வந்து நின்றதும், புகாருக்கு ஆளானவர் பக்கத்து வீடுகளை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். பக்கத்து வீடுகள் ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளும்.

இந்தக் காலனியில் நாற்பத்தோராம் எண் வீட்டில் பிரிசில்லாவும் அவள் நாத்தனார் மெர்சியும் இருந்தார்கள். பிரிசில்லாவின் புருஷன் கப்பலில் வேலை. வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் வீடு. பிரிசில்லா உப்பு பாக்கெட் போடும் கம்பெனிக்குப் போனாள். மெர்சி வீட்டிலிருந்தபடி பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். அதிகம் பேசமாட்டாள். அவள் நெஞ்சுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். இதயத் துடிப்பு தடம் மாறினால் அது திருநெல்வேலி ஆஸ்பத்திரியைக் கூப்பிடும். ஆஸ்பத்திரி உடனே பதில் அனுப்பும். பதிலில் இருக்கிற கட்டளைப்படி கருவி துடிப்பைச் சரிசெய்யும். எல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலனியே கால்பந்து இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மெர்சி தையல் மெஷின் மேல் சரிந்துவிட்டாள். கருவி கூப்பிட்டது. பதில் வரவில்லை. ஞாயிறு ஷிப்டு முடிந்து வந்த பிரிசில்லா கதவைத் திறந்தபோது பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மெர்சி பிழைத்துவிட்டாள். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கருவியில் கோளாறு இல்லை, உங்கள் காலனி இணைப்பில்தான் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

பிரிசில்லாவுக்கு உடனே தர்மக்கண் ஞாபகம் வந்தது.

தர்மக்கண் காலனி சங்கத் தலைவர், பிரிசில்லா வீட்டுக்குப் பின்தெருவில் பதினேழாம் எண் வீடு. அறுபது வயது, பெண்சாதி இல்லை. காலனியின் இணைப்புப் பெட்டி தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மோட்டார் ரூமில் இருந்தது. சாவி அவர் இடுப்பில் தொங்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மாடியில் ஓர் அறை எழுப்பினார். எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சும்மாதான் என்றார். சும்மா யாராவது அறை கட்டுவார்களா? வெளியாட்களைக் குடிவைத்து, நம் வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி இல்லாமல் செய்யப்போகிறார் என்று பிரிசில்லா நினைத்தாள். மெர்சியின் சன்னலுக்கு வருகிற கடல் காற்றையும் அந்தச் சுவர் மறைத்தது. ஒரு காலையில் உட்கார்ந்து நாலு வரி எழுதி அனுப்பினாள். மூன்று வாரத்தில் ஆட்கள் வந்து அறையை இடித்துப் போட்டார்கள்.

பிறகுதான் தெரிந்தது. அந்த அறை அவர் மகளுக்காக. புருஷனோடு ஒத்துப்போகாமல், கைக்குழந்தையோடு திரும்பி வரவிருந்தவள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மனிதர் சும்மா என்றிருக்கிறார். அறை போனதும் மகள் திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அப்புறம் வரவே இல்லை.

இப்போது பிரிசில்லா கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். சாவி அவரிடம் இருக்கிறது. நம் வீட்டு இணைப்பை மட்டும் பிடுங்கிவிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் வாசலில் நின்று மெர்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிரிசில்லா அவர் இடுப்பில் இருந்த சாவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளே இணைப்புக் கம்பெனிக்கு எழுதி ஆளை வரவழைத்தாள். வந்தவள் காயல்பட்டினத்துப் பெண், பேர் நூர்ஜெமிலா, முப்பது வயதிருக்கும். யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், கண்டுபிடித்துச் சொல் என்று பிரிசில்லா அவளிடம் சொன்னாள். நூர்ஜெமிலா மோட்டார் ரூமில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்து, யாரும் எதையும் செய்யவில்லை என்றாள்.

பிரிசில்லா நம்பவில்லை. அவர் உனக்கு ஏதாவது கொடுத்தாரா என்று கேட்டேவிட்டாள். நூர்ஜெமிலா கோபித்துக்கொள்ளாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் பெட்டிய ஒரு வாட்ச்மேன்னு நெனச்சிக்கோங்க. காலனிக்கு ஒரே கேட்டு. உள்ளேர்ந்து யார் வெளிய கூப்பிட்டாலும் அவரு நோட்டுல ஒரு வரி எழுதி வச்சிக்குவாரு. பதில் வரும்போது அந்த வரியப் பாத்துத்தான் எந்த வீட்டுக்குன்னு அனுப்புவாரு. நோட்டுல மொத்தமே அறுபத்தஞ்சாயிரம் வரிதான். ஒரு நம்பருக்கு அவ்வளவுதான் எழுத முடியும். அன்னைக்கு எல்லா வீட்டுலயும் மேட்ச் ஓடுச்சு, நோட்டு நெறஞ்சி போச்சு. நெறஞ்சா என்ன செய்வாரு?"

"என்ன செய்வாரு?"

"யாரு ரொம்ப நேரமாப் பேசாம இருக்காங்களோ அவங்க வரிய அடிச்சிட்டு, அதுமேல அடுத்தவங்கள எழுதுவாரு. மெர்சி அக்கா நெஞ்சுல இருக்கிறது சும்மா சும்மா பேசுற மெஷின் இல்ல. அதான் அத அடிச்சிட்டாரு. அது கூப்பிட்டுச்சு, எழுத எடம் இல்ல. ஆஸ்பத்திரிக்காரங்களா உள்ள வர்றதுக்கும் வழி இல்ல. ஏன்னா மெர்சி அக்காவுக்குன்னு வெளிய தெரியற மாதிரி ஒரு நம்பரே கிடையாது."

மெர்சி கட்டிலில் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புது எண் வாங்கினால் சரியாகுமா என்று அவள்தான் கேட்டாள். நூர்ஜெமிலா சன்னல் வழியாக உப்பளத்தைக் காட்டினாள். அங்கே குவிந்து கிடக்கிற ஒவ்வொரு உப்புக் கல்லுக்கும் ஓர் எண் கொடுத்தாலும் புது எண்கள் தீராது என்றாள். மெர்சியின் கருவிக்குத் தனி எண் கிடைக்கும். நடுவில் வாட்ச்மேன் நோட்டு இருக்காது. ஆஸ்பத்திரி நேராகவே வரும். கண்ட ஆட்கள் உள்ளே வராதபடி பூட்டு தனியாக உண்டு.

எங்கள் வீட்டுக்கு மட்டும் போட்டுக்கொடு என்று பிரிசில்லா கேட்டாள். முடியாது என்றாள் நூர்ஜெமிலா. பெட்டி காலனியின் பொதுச்சொத்து. மாற்றினால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். சங்க விதிப்படி இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் வேண்டும். போகும்போது பிரிசில்லாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். இன்னும் பன்னிரண்டு நாளில் கோயில் கொடை விழா. சென்னை, மும்பை, துபாய் என்று சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கு அஞ்சாறு கருவியோடு வந்து இறங்குவார்கள். அந்த மூன்று நாளும் நோட்டு நிறைந்தேதான் இருக்கும். அதற்குள் மாற்றிவிடுங்கள் அக்கா என்றாள்.

கொடை முடிகிறவரை மெர்சியை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கலாமா என்று கேட்டதற்கு, அங்கே படுக்கை இல்லை என்று பதில் வந்தது.

பிரிசில்லா வீடு வீடாகப் போனாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், மெர்சிக்காக உச்சுக்கொட்டினார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை. வீட்டுக்காரர் வரட்டும் என்றார்கள், கண்ணாடியைக் காணோம் என்றார்கள். எதிர் வீட்டு உலகம்மைதான் உள்ளதைச் சொன்னாள்.

"வீட்டுக்கு வீடு நம்பர் குடுத்துட்டா, எவ எதை எழுதுதான்னு கலெக்டர் ஆபீசுக்குத் தெரிஞ்சிரும்லா? ஒனக்கு இந்த யோசனையச் சொல்லிக் குடுத்தது யாரு பிரிசி? அந்தக் காயல்பட்டினத்துப் பிள்ளையா, இல்ல அவளுக்கு மேல வேற யாராச்சுமா?"

பழைய புகாரெல்லாம் யார் எழுதியது என்று தெரியாது, இனிமேல்கூட வெளியே போகிற எண் தினமும் மாறிக்கொண்டே இருக்கும் என்று நூர்ஜெமிலா சொன்னதை அப்படியே பிரிசில்லா சொன்னாள். உலகம்மை கேட்டுவிட்டு, அவ்வளவு நல்லதென்றால் எதற்கு இப்படிக் கெஞ்சிக் கொடுக்கிறார்கள் என்றாள். சாயங்காலத்துக்குள் பிரிசில்லா ரகசியப் போலீஸ் ஆள் என்று மூன்றாம் தெருவில் பேச்சு ஓடிற்று.

கொடைக்கு ஐந்து நாள் முன்னால், ஞாயிறு காலை சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார்கள். தர்மக்கண் தலைமை. நூர்ஜெமிலா திரும்பவும் வாட்ச்மேன் கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். கையெழுத்துத் தாள் மேசையில் கிடந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெட்டியை மாற்றினால் கரண்டு பில் ஏறுமா என்று ஒருவர் கேட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாமே என்றார் இன்னொருவர்.

பின்வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெர்சி எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் கூடமே திரும்பிப் பார்த்தது.

"யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க மைனி. பயமா இருக்கிறவங்க போட வேண்டாம். மொட்டைப் பெட்டிசன் எழுதாதவங்களுக்கு ஒரு பயமும் கெடையாது. எழுதுனவங்களுக்குத்தான பயம். போடாதவங்க வீட்டு நம்பர மட்டும் நான் இந்த நோட்டுல குறிச்சிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினாள்.

உலகம்மைதான் முதலில் எழுந்தாள். நான் அன்றைக்கே போடுகிறேன் என்று சொன்னேன், இந்தப் பிரிசிதான் தாளைக் கொண்டுவரவில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டது. முந்திப் போகக் கூடத் தள்ளுமுள்ளு நடந்தது. கடைசியில் நிற்பவர்தான் எல்லாவற்றையும் எழுதியவர் என்று ஆகிவிடுமே. அரை மணி நேரத்தில் இருநூற்றுப் பதினொன்று கையெழுத்து விழுந்துவிட்டது.

மீதி இருந்தது தலைவர் மட்டும். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுக்கவில்லை.

"எம் மாடி அறைய இடிக்க எழுதுனவங்க இந்தக் காலனியிலதான் இருக்காங்க. அவங்க எம் மூஞ்சியப் பாத்து, நான்தான் எழுதுனேன்னு சொல்லட்டும். சொன்ன நிமிசம் போடுதேன். மெர்சி, ஒன் நோட்டுல பதினேழாம் நம்பரக் குறிச்சிக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல."

எழுந்து போய்விட்டார்.

அன்று முழுக்கப் பிரிசில்லா அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். இது பொறி என்று தோன்றிற்று. போய்ச் சொன்னதும் அவர் கையெழுத்தும் போடாமல், காலனியைக் கூட்டி மானத்தையும் வாங்குவார். ஒருவேளை அவருக்கு ஏற்கெனவே சந்தேகமோ? கூட்டத்தில் பேசும்போது யாரைப் பார்த்தார்? நினைத்துப் பார்த்தாள். யாரையும் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தார். அதுவும் சந்தேகமாக இருந்தது. மெர்சி காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை நிறுத்திவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டாள். பிரிசில்லா பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பிரிசில்லா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பதினேழாம் எண் வீட்டுக்குப் போனாள். தர்மக்கண் முற்றத்தில் சட்டைகளை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டிசன எழுதுனது நான்தான். வெளியாளுக்கு வாடகைக்கு விடப் போறீயன்னு நெனச்சேன். ஒங்க மகளுக்குன்னு எனக்குத் தெரியாது."

அவர் கையிலிருந்த சட்டையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டார்.

"தெரியும்," என்றார்.

பிரிசில்லா நிமிர்ந்தாள்.

"ரெண்டு வருசமாத் தெரியும் எனக்கு. எழுதுனது பெருசில்ல, இங்க எழுதாதவன் எவன்? மெர்சி விழுந்து எந்திரிச்சி வந்த அன்னைக்கு வாசல்ல நின்னு கேட்டேன். நீ எஞ் சாவியப் பாத்த. ஒரு பிள்ளையக் கொல்லப் பாத்தவன்னு என்ன நெனச்சிட்ட. அதான் தாங்க முடியல எனக்கு. அதனாலதான் நீயா வந்து சொல்லணும்னு கெடந்தேன்."

உள்ளே போய்த் தாளைக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இடுப்புச் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். கூடவே ஒரு பென்டிரைவ்.

"இது பெட்டியோட சேந்தது. எந்த வீட்டுலேர்ந்து எப்ப என்ன அனுப்புனாங்கன்னு எல்லாம் இதுல பதியும். தலைவர் பொறுப்புல இருக்கணும்னு கம்பெனிச் சட்டம். இத அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துரு. அவ அழிச்சிருவா."

பிரிசில்லா பென்டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அத்தனை வருஷமாக யார் என்று தெரியாது, தெரியவே தெரியாது என்று காலனி நம்பிக்கொண்டிருந்தது. எல்லாம் இந்த மனிதர் அலமாரியில் இருந்திருக்கிறது. காலனி சந்தேகப்படாத ஒரே இடம்.

பதினேழாம் வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு மூன்று தெரு தாண்டிப் போக வேண்டும். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று, இவள் கை ஏன் மூடியிருக்கிறது என்று பார்த்தார்கள். போன வருஷம் வீட்டு மின்சாரத்தில் தொழில் செய்கிறார்கள் என்று யாரோ எழுதிப்போட்டு, மெர்சியின் தையல் மெஷினை மூன்று மாதம் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மூன்று மாதமும் மெர்சி சன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். எழுதியது யாரென்று இந்தக் கைக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் போய்ச் சுவர்த்திரையில் சொருகினால் ஒரு நிமிஷ வேலை.

பிரிசில்லா தன் வீட்டு வாசலில் நின்றேவிட்டாள். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எதிர் வாசலிலிருந்து உலகம்மை, கையில் என்ன பிரிசி என்று கேட்டாள். கேட்கும்போது அவள் குரல் வழக்கம்போல இல்லை. பிரிசில்லா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்படியே திரும்பி நடந்துவிட்டாள்.

மோட்டார் ரூமில் நூர்ஜெமிலா தயாராக இருந்தாள். சங்கத்து ஆள் ஒருவர் கண்ணெதிரே அழிக்க வேண்டும் என்பது விதி என்று சொல்லி, பென்டிரைவைத் தன் கருவியில் சொருகினாள். பார்த்தாள். திரும்ப எடுத்துச் சொருகினாள்.

"அக்கா, அழிக்கிறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே."

பிரிசில்லா, நான் தொடவே இல்லை என்று பதறினாள்.

"நீங்க இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஜூலை பத்தொம்போது காலைல ஒரே ஒரு தடவ திறந்திருக்காங்க. ஒரே ஒரு பக்கம் பாத்திருக்காங்க. பத்து நிமிசத்துல மொத்தத்தையும் அழிச்சிட்டு, இனிமே எதுவும் பதிய வேண்டாம்னு பெட்டியில நிறுத்தியும் வச்சிருக்காங்க. அப்படி நிறுத்தக்கூடாது, சட்டப்படி தப்பு. யாரு செஞ்சாங்கன்னு ரிப்போர்ட்டுல எழுதணுமா?"

அறையை இடித்தது ஜூலை பதினெட்டு.

எழுத வேண்டாம் என்றாள் பிரிசில்லா. நூர்ஜெமிலா தலையாட்டினாள். பழைய பெட்டியை அணைத்துக் கழற்றி வைத்தாள். புதுப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

கொடைக்கு நினைத்ததைவிட அதிகக் கூட்டம். இரண்டாம் நாள் மத்தியானம் மெர்சி பந்தலில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கருவி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டது. நாற்பது விநாடியில் பதில் வந்து துடிப்பு சரியாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகுதான் மெர்சிக்கே அது தெரியும். அப்படியா என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் பொங்கல் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் முழுக்க அலைவாய் நகரிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு ஒரு புகாரும் போகவில்லை. ஒரே ஒரு மனு மட்டும் போயிற்று. இரண்டு நாள் கழித்துப் பிரிசில்லாவுக்கு அங்கிருந்து போன் வந்தது. பேசிய குமாஸ்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது அம்மா என்று ஆரம்பித்தார்.

"பதினேழாம் நம்பர் வீட்டு மாடியில அறை கட்ட அனுமதி குடுங்கன்னு ஒரு மனு வந்திருக்கு. கீழ உங்க பேரு, வீட்டு நம்பர், போன் நம்பர் எல்லாம் இருக்கு. உங்க ஏரியாவுலேர்ந்து இப்படி வந்ததே இல்ல. யாரோ உங்க பேரக் கெடுக்க அனுப்பியிருக்காங்கன்னு நெனைக்கோம். ஒரு புகார் எழுதிக் குடுத்திருங்களேன்."

"இல்ல சார், அத நான்தான் எழுதுனேன். அந்த அறைய இடிக்கச் சொல்லி முன்னால எழுதுனதும் நான்தான்."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பேரோடயா எழுதுனீங்க?" என்று குமாஸ்தா கேட்டார்.